எறும்பைப் பார்த்த சபை

கொன்றையூர் அரண்மனை முழுக்க ஒரு செத்த எறும்பைச் சுற்றிக் கூடி நின்ற நாள் ஒன்று உண்டு. அந்தக் கூத்தைச் சொல்கிறேன், கேளுங்கள்.

அந்த ஊர் ராஜா வில்லவராயருக்குப் புதுச் சாமான் என்றால் கொள்ளை ஆசை. கப்பல் வியாபாரி ஒருவன் அவருக்கு உருப்பெருக்கி ஒன்றைக் காணிக்கையாகக் கொடுத்தான். பித்தளைக் குழல். மேலே ஒரு கண்ணாடி, கீழே ஒரு கண்ணாடி. கடுகைப் பூசணிக்காயாகக் காட்டுமாம்! ராஜா அங்கேயே உத்தரவு போட்டார்: "சின்னப் பிள்ளைகளுக்கு இயற்கைப் பாடம் இனிமேல் இதை வைத்துத்தான்!"

சபையில் செவ்வந்தியம்மை என்று ஒருத்தி. வாய்த் துடுக்குக்காகவே ஆசனம் பெற்றவள். ஊரின் மூன்று சிறுவர் பள்ளிகளும் அவள் பொறுப்பு. உத்தரவைக் கேட்டதும் துள்ளிக் குதித்தாள். ஆனால் கருவி பள்ளிக்கு வந்தால்தானே? அரண்மனைக் காப்பாளர் மாணிக்கவேலர் அதைப் பட்டில் சுற்றிப் பெட்டியில் பூட்டிவிட்டார். ஆறு மாதம் நடையாய் நடந்தாள்.

"உங்கள் ஆசிரியர்களுக்கு இதைத் தொடத் தெரியுமா, அம்மா?" என்பார் அவர்.

"தொடவிட்டால்தானே ஐயா தெரியும்!"

மாணிக்கவேலர் அதோடு நிற்கவில்லை. ராஜாவின் காதைக் கடித்தார். "மன்னா, இந்த ஆசிரியர்களுக்குக் கருவி ஞானமே கிடையாது. வீட்டுக்கு அனுப்புங்கள். என் மைத்துனர்கள் ஒன்பது பேர் என்னிடம் பாடம் கேட்டுத் தயாராக இருக்கிறார்கள்."

ராஜா யோசித்தார். "நாளை சபையில் சோதனை. செவ்வந்தி, உன் பள்ளியிலிருந்து ஒரு பிள்ளையைக் கூட்டி வா. தோற்றால் ஆசிரியர்களோடு நீயும் மூட்டை கட்டு."

மறுநாள் அவள் வள்ளிக்கண்ணுவோடு வந்தாள். ஏழு வயது. முன்பல் இரண்டும் விழுந்த வாய். செவ்வந்தியம்மையே இன்னும் அந்தக் கருவியைத் தொட்டதில்லையே!

மாணிக்கவேலர் பட்டை அவிழ்த்தார். தட்டில் ஒரு செத்த எறும்பை வைத்தார். குழலின் இருபத்தேழு பாகங்களின் பெயரையும் மூச்சுவிடாமல் ஒப்பித்தார். மைத்துனர்கள் ஒன்பது பேரும் கைதட்டினார்கள்.

அந்த நேரத்தில்தான் செவ்வந்தியம்மையின் கண் குழலின் அடியில் போய் நின்றது. கீழ்க் கண்ணாடியின்மேல் கறுப்புத் தோல் மூடி! கப்பலில் வந்தபோது போட்ட மூடி, போட்டபடியே இருந்தது. வந்த சிரிப்பை உதட்டைக் கடித்து அடக்கிக்கொண்டாள்.

"ஐயா," என்றாள் பணிவாக, "என்ன தெரிகிறதென்று எங்களுக்கும் சொல்லுங்களேன்."

அவர் ஒரு கண்ணை மூடிக் குனிந்தார். "ஆகா! ஒவ்வொரு காலும் உலக்கை மாதிரி!"

"மீசை தெரிகிறதா, ஐயா?"

"நன்றாக! முறுக்கிவிட்டிருக்கிறது!"

"நம் சேனாதிபதி மீசை போலவா?"

"அதைவிடக் கம்பீரம்!"

சேனாதிபதிக்கு ரோஷம் வந்துவிட்டது. ஓடிவந்து குனிந்தார். தமக்கு ஒன்றும் தெரியவில்லை என்று சபையில் எப்படிச் சொல்வது? "ம்... ஆமாம், முறுக்குமீசைதான்," என்று முனகினார். மைத்துனர்களும் வரிசையாக வந்தார்கள். ஒருவர் எறும்பின் பல்லைப் பார்த்தார். கடைசி மைத்துனர் அது தம்மைப் பார்த்துக் கண்ணடித்தது என்றே சாதித்தார்.

"கண்ணு, இப்போ நீ பாரு," என்றாள் செவ்வந்தியம்மை.

வள்ளிக்கண்ணு எக்கிப் பார்த்தாள். "அம்மா, ஒரே இருட்டு. ஒண்ணும் தெரியலை."

"கேட்டீர்களா மன்னா!" மாணிக்கவேலர் துள்ளினார். "ஒன்றும் தெரியவில்லையாம்! இதுதான் இவர்கள் சொல்லிக்கொடுத்த லட்சணம்!"

செவ்வந்தியம்மை பிள்ளையின் பக்கம் திரும்பினாள். "தெரியலைன்னா நம்ம பள்ளிக்கூடத்துல என்ன செய்வோம்?"

"ஏன் தெரியலைன்னு தேடுவோம்."

"தேடு."

குழந்தை கருவியை ஒரு சுற்றுச் சுற்றினாள். மேலே தடவினாள். கீழே குனிந்தாள். 'டப்'பென்று மூடி கையோடு வந்தது! மறுபடியும் எக்கிப் பார்த்தவள் வீலென்று கத்தினாள். பிறகு கெக்கலி கொட்டிச் சிரித்தாள்.

செவ்வந்தியம்மை அந்த மூடியை ராஜாவின் கையில் வைத்தாள். "மன்னா, தெரியவில்லை என்றவள் பார்த்துவிட்டுச் சொன்னாள். தெரிகிறது என்றவர்கள் எதைப் பார்த்தார்களோ, அவர்களையே கேளுங்கள்."

ராஜா சிம்மாசனத்திலிருந்து இறங்கி ஓடிவந்து குனிந்தார். "ஐயையோ! இது எறும்பா, எருமையா!" கிரீடம் உருண்டது. விழுந்து விழுந்து சிரித்தார். நிமிர்ந்து பார்த்தபோது மாணிக்கவேலரையும் காணோம், மைத்துனர்களையும் காணோம்.

"ஆசிரியர்கள் அப்படியே இருக்கட்டும்," என்றார் கண்ணைத் துடைத்தபடி. "கருவி இன்றே உன் பள்ளிக்கு வரும். ஆனால் செவ்வந்தி, நூறு பிள்ளைகள் தொடுவார்கள். உடைந்துபோனால்?"

"கவலையே வேண்டாம், மன்னா! உள்ளே என்ன இருக்கிறதென்று அடுத்த பாடம் நடத்திவிடுவோம்."