கயிறு முன்னே, பஸ் பின்னே

குட்டைக்காட்டுக்காரர்களை யாரும் முட்டாள்கள் என்று திட்டுவதில்லை. திட்டினால் உடனே ஊர்க்கூட்டம் போட்டு, கையைத் தூக்கச் சொல்லி எண்ணி, ஆமாம்தான் என்று தீர்மானம் எழுதிக் கொடுத்துவிடுவார்கள். அதை வாங்கி வைத்துக்கொண்டு என்ன செய்வது?

அந்த ஊரில் அங்காயி என்று ஒருத்தி இருந்தாள். இரண்டு எருமை வைத்திருந்தாள். தினமும் விடிந்ததும் பால் கேனைத் தலையில் வைத்துக்கொண்டு நாலு மைல் நடந்து, கூட்டுரோட்டுப் பால் சொசைட்டியில் ஊற்றிவிட்டு வருவாள். வழியெல்லாம் கல்லும் முள்ளும். ரோடு இல்லாததால் ஊருக்குப் பஸ் இல்லை. பஸ் இல்லாததால் அங்காயிக்கு முழங்கால் இல்லை. இருந்தது, ஆனால் இல்லாத மாதிரிதான்.

ஒருநாள் அரசாங்கத்தில் இருந்து கடுதாசி வந்தது. மாநிலம் முழுக்க சைக்கிள் பந்தயத்தை வளர்க்கப் போகிறார்களாம். எந்த ஊர் ஒரு விதிகூடத் தவறாமல் பந்தயம் நடத்துகிறதோ, அந்த ஊரின் பந்தயப் பாதையில் தார் ரோடு போட்டு, பஸ்ஸும் விடுவார்களாம். கூடவே ஒரு விதிப்புத்தகம்.

அன்றைக்கே அங்காயிக்குத் தூக்கம் போயிற்று. பஞ்சாயத்துத் தலைவர் நாச்சிமுத்து போகிற இடத்துக்கெல்லாம் பின்னாலேயே போனாள்.

"தலைவரே, ஒரு விதி தப்பினாலும் ரோடு போச்சுங்க. எம் முழங்காலும் போச்சுங்க."

"ஏனுங்க அங்காயக்கா பயப்படறீங்க? புத்தகத்துல இல்லாதது ஒண்ணை நாம எப்பவாச்சும் யோசிச்சிருக்கோமா?"

இல்லைதான். அங்காயிக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது.

போட்டியாளர் எல்லோருக்கும் முதுகில் எண் கட்ட வேண்டும் என்றது முதல் விதி. ஏழு பேர் பெயர் கொடுத்திருந்தார்கள். தையற்காரர் மாரப்பன் துணியில் ஏழு எண்கள் தைத்துக்கொண்டு வந்தார்.

"ஏழாம் நம்பர் எனக்கு வேண்டாம்," என்றான் சென்னியப்பன். "கிளம்பறதுக்கு முன்னாலயே ஏழாவதுன்னு எழுதி முதுகுல கட்டிட்டா, எம் பொண்டாட்டி சோறு போடுவாளா?"

எல்லோரும் வெகு நேரம் யோசித்தார்கள். நியாயமாகத்தான் பட்டது. ஆறாவது ஆளுக்கும் பொண்டாட்டி இருந்தாள். கடைசியில் ஏழு பேருக்கும் ஒன்றாம் எண்ணே கட்டினார்கள். மாரப்பன் கைவசம் இருக்கட்டும் என்று இன்னும் பத்துத் துணியில் ஒன்றாம் எண்ணே தைத்து வைத்தார்.

காயம்பட்டால் தாமதமில்லாமல் கட்டுப் போட வேண்டும் என்றது அடுத்த விதி.

"விழுந்த பிறகு துணியைத் தேடினா அது தாமதம்தானுங்களே?" என்றாள் அங்காயி.

"ஆமா. காயத்துக்கு முன்னாலயே கட்டுப் போட்டுட்டா?" என்றார் நாச்சிமுத்து.

ஏழு பேருக்கும் உச்சந்தலை முதல் முழங்கால் வரை கட்டுப் போட்டார்கள். கண்ணை மட்டும் விட்டுவைத்தார்கள். சென்னியப்பனுக்குக் கண்ணையும் மறந்து கட்டிவிட்டு, அப்புறம் அவிழ்த்தார்கள்.

போட்டியில் சேராத எதுவும் பந்தயப் பாதையில் போகக் கூடாது என்றது மூன்றாவது விதி. பந்தயத்தன்று காலை ஒரு வெள்ளாடு தடத்தில் வந்து நின்றது. விரட்டினார்கள், போகவில்லை. மாரப்பன் அதன் முதுகிலும் ஒரு ஒன்றாம் எண்ணைக் கட்டினார். ஆடும் போட்டியில் சேர்ந்தது.

பந்தயம் ஊர் எல்லையில் தொடங்கி, கூட்டுரோட்டில் முடிய வேண்டும். அங்கே அரசாங்க அதிகாரி ஒருவர் கடிகாரத்தோடு காத்திருந்தார். இங்கே கிணற்றுக் கயிற்றைக் குறுக்கே இழுத்துக் கட்டித் தொடக்கக் கோடு ஆக்கினார்கள். கொடி அசைந்த பிறகுதான் கோட்டைத் தாண்டலாம் என்பது கடைசி விதி. ஆகவே மூங்கிலில் கொடியைக் கட்டி நட்டார்கள்.

சித்திரை மாதம். ஒரு இலை அசையவில்லை. கொடியும் அசையவில்லை.

ஒரு மணி நேரம் ஆயிற்று. கட்டுக்குள் ஏழு பேரும் வியர்த்து ஊறினார்கள். ஆடு படுத்துவிட்டது.

"மூங்கிலைப் பிடிச்சு ஆட்டலாமுங்களா?" என்று கேட்டான் சென்னியப்பன்.

"அது நாம அசையறது. கொடி அசையணும்னு போட்டிருக்குது," என்றார் நாச்சிமுத்து.

அதிகாரி கோபித்துக்கொண்டு போய்விட்டால் ரோடு போச்சே! அங்காயி கயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தலைவரே, இவங்க கயித்தைத் தாண்டக் கூடாது. கயிறு முன்னால போகக் கூடாதுன்னு இருக்குதுங்களா?"

நாச்சிமுத்து புத்தகத்தை முழுக்கப் புரட்டினார். இல்லை.

ஒரு முனையை அங்காயி பிடித்தாள், மறுமுனையை மாரப்பன். அவர்களும் முதுகில் ஒன்றாம் எண் கட்டிக்கொண்டு ஓடினார்கள். ஏழு சைக்கிளும் ஒரு ஆடும் கயிற்றைத் தாண்டாமல் பின்னால் வந்தன. அங்காயி மூச்சு வாங்க நின்றால் பந்தயமே நின்றது.

வெயில் உச்சிக்கு வந்தபோது கூட்டுரோட்டை அடைந்தார்கள்.

"யார் ஜெயிச்சது?" என்றார் அதிகாரி.

"ஒண்ணாம் நம்பருங்க," என்றார்கள் எல்லோரும்.

அதிகாரி ஆட்டைப் பார்த்தார். புத்தகத்தை மூன்று தடவை படித்தார். ஒரு விதிகூட மீறப்படவில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டு, நிழலில் போய் உட்கார்ந்துகொண்டார்.

ஆறு மாதத்தில் தார் ரோடு வந்தது. அதன்மேல் பஸ்ஸும் வந்தது. அங்காயி தலைக்கு எண்ணெய் வைத்துப் படிய வாரி, பால் கேனோடு முதல் ஆளாக நின்றாள். ஏறக் காலைத் தூக்கும்போது நாச்சிமுத்து பஸ்ஸை மறித்தார்.

"நிறுத்துங்க! இது பந்தயப் பாதை. போட்டியில் சேராதது போகக் கூடாது. அரசாங்கம் பார்த்தா ரோட்டைச் சுருட்டிக்கிட்டுப் போயிரும்!"

அங்காயிக்கு உயிரே போய்விட்டது. தூக்கிய காலைக் கீழே வைத்துவிட்டு ஓடினாள். ஒன்றாம் எண்ணைக் கொண்டுவந்து பஸ்ஸின் முதுகில் கட்டினாள். டிரைவருக்குத் தலை முதல் முழங்கால் வரை கட்டுப் போட்டார்கள். கொடியை மாரப்பன் அழுக்காகாமல் மடித்துப் பெட்டியில் பூட்டி வைத்திருந்தார். அது அசைய வழியில்லை. ஆகவே கயிற்றை எடுத்தார்கள்.

இன்றைக்கும் காலையில் பார்க்கலாம். பால் கேன் ஜன்னலோரச் சீட்டில் உட்கார்ந்து வரும். பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே ஊர்ந்து வரும். அதற்கு முன்னால் அங்காயியும் மாரப்பனும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடி வருவார்கள்.

"ஏனக்கா, பஸ் வந்தும் ஓடித்தான் வர்றியா?" என்று சொசைட்டிக்காரி ஒருநாள் கேட்டாள்.

"ஓடறனா? யாரு சொன்னது?" என்று அங்காயிக்குக் கோபம் வந்துவிட்டது. முழங்காலைத் தேய்த்துக்கொண்டே, இடுப்பில் செருகியிருந்த அன்றைய டிக்கெட்டை எடுத்துக் காட்டினாள். "நான் பஸ்ஸுலதான் வர்றேன்."