பத்து வினாடிக்கு ஒரு பதில்

"டீச்சர், பேச்சு சர்வர் வழியாப் போகணும். எந்த இடத்துல மாத்தணும்னு சொல்லிக் கொடுங்க."

லிங்கதுரை செருப்பைக் கழற்றும் முன்பே கேட்டுவிட்டார்.

ஜெபராணி நிமிர்ந்து பார்த்தாள். அவளுக்கு இருபத்தொன்பது வயது. அவருக்கு ஐம்பத்தாறு. தூத்துக்குடியில் ஒரு மாடி அறையில் அவள் கம்ப்யூட்டர் சர்வர் வேலை சொல்லிக் கொடுக்கிறாள். தலை நரைத்த மனுஷன் நோட்டும் கையுமாக அவளிடம் பாடம் கேட்க வருவது கீழே டீக்கடையில் உட்காருகிறவர்களுக்கு வேடிக்கை. அவருக்கு அதில் வெட்கம் ஒன்றும் கிடையாது. அவருடைய வீம்பெல்லாம் வேறு இடத்தில் இருந்தது.

"உட்காருங்க அண்ணாச்சி. இப்ப வேலை செய்யலையா?"

"நல்லாவே செய்யுது. அதான் கஷ்டம்."

அவர் செய்திருந்தது ஒரு சிக்னலிங் சர்வர். எழுபது வரி நிரல், வீட்டின் பின்அறையில் ஒரு பழைய லேப்டாப், அவ்வளவுதான். அதன் வேலையும் சின்னது. இரண்டு பேர் ஒரே லிங்க்கைத் திறந்தால், ஒருவர் பிரவுசரின் விலாசத்தை இன்னொருவருக்குக் கொடுக்கும். கொடுத்ததும் ஒதுங்கிக்கொள்ளும். அதற்கு மேல் இரண்டு பிரவுசரும் நேருக்கு நேர் பேசிக்கொள்ளும். என்ன பேசினார்கள் என்று சர்வருக்குத் தெரியாது.

அந்த இரண்டு பேர் அவருடைய மனைவி செல்வகனியும் மகள் அபிநயாவும்.

"வீட்டுக்காரி போன்ல புது ஆப் எதுவும் ஏறாது. லிங்க்கைத் தொட்டா போதும், பேசலாம்னு நான்தான் செஞ்சு கொடுத்தேன். ஞாயித்துக்கிழமை மத்தியானம் பேசுவாங்க. அவ காதுல மாட்டிக்கிட்டு முன்ரூம்ல சிரிப்பா. நான் பின்ரூம்ல சர்வரைப் பார்த்துட்டு இருப்பேன்."

"சரி."

"எதுக்குச் சிரிக்காங்கன்னு தெரியல டீச்சர்."

"கேட்டா அக்கா சொல்ல மாட்டாங்களா?"

"சொல்லுவா. 'உங்களுக்கு என்னத்துக்கு'ன்னு ஒரு குத்து குத்திட்டுச் சொல்லுவா. எனக்கு விஷயம் வேண்டாம். பிள்ளை குரலைக் கேக்கணும்."

இரண்டு வருஷத்துக்கு முன்னால், பேசி முடித்த கல்யாணத்தை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அபிநயா அயர்லாந்துக்கு நர்ஸ் வேலைக்குக் கிளம்பினாள். பெட்டியோடு நின்றவளிடம் லிங்கதுரை, "ப்ளேன் ஏறினேன்னா, அதோட எங்கூடப் பேசாத" என்றார்.

கோபத்தில் வாயில் என்னென்னவோ வரும். பிள்ளை அதை அப்படியே பிடித்துக்கொண்டாள். சொன்ன பேச்சைக் கேட்காதவள் என்று அவர் திட்டிய பெண், இந்த ஒரு பேச்சை மட்டும் இரண்டு வருஷமாகக் கேட்டு நடக்கிறாள்.

"ஒட்டுக் கேக்கப் போறீங்களா அண்ணாச்சி?"

"அப்படி ஏன் சொல்லுதீங்க? குரலைக் கேட்டுட்டு உடனே மூடிருவேன்."

"லாக்கைக் காட்டுங்க."

அவர் அங்கிருந்த கம்ப்யூட்டர் வழியாகவே வீட்டு லேப்டாப்புக்குள் நுழைந்து, போன ஞாயிற்றுக்கிழமையின் லாக்கைத் திறந்தார். யார் வந்தார்கள், எப்போது போனார்கள் என்று சர்வர் எழுதி வைக்கும் குறிப்பு அது. அதில் ஒரே வரி, கீழே கீழே போய்க்கொண்டே இருந்தது.

அபிநயா: இருக்கேன்.

அபிநயா: இருக்கேன்.

அபிநயா: இருக்கேன்.

"இது என்ன?"

"ரெண்டு பேரும் பேச ஆரம்பிச்ச பிறகும் அவ லைன் சர்வரோட ஒட்டிக்கிட்டே இருக்கணும்லா. அதுக்காகப் பத்து வினாடிக்கு ஒருக்கா சர்வர் 'இருக்கியா'ன்னு கேக்கும். அவ பிரவுசர் 'இருக்கேன்'னு சொல்லும்."

"நான் சொல்லிக் கொடுத்தப்போ கேள்விக்குப் பிங், பதிலுக்குப் பாங்னுதானே இருந்துச்சு?"

"நான்தான் மாத்தினேன்." அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "ஒரு மணி நேரம் பேசினா முந்நூத்தி அறுபது தடவை வரும்."

ஜெபராணி கேலி எதுவும் செய்யவில்லை. தன் போனை எடுத்து, அவருடைய பக்கத்தைத் திறந்து, தன் பெயரைப் போட்டாள். போனை ஜன்னல் கட்டையில் வைத்தாள்.

"வாங்க, டீ குடிச்சிட்டு வருவோம்."

"நான் கேட்டதுக்குப் பதில்?"

"டீ ஆறிடும் அண்ணாச்சி."

போடாத டீ எப்படி ஆறும் என்று அவருக்கு எரிச்சலாக வந்தது. ஆனாலும் இறங்கிப் போனார்.

கடையில் அவள் வெயிலைப் பற்றிப் பேசினாள். வாழைக்காய் பஜ்ஜி இப்போதெல்லாம் வெறும் மாவாக இருக்கிறது என்று குறைப்பட்டாள். கடைக்காரரிடம் அதற்காக ஒரு சண்டையும் போட்டாள். மனசுக்குள் இருப்பதை எல்லாம் கொட்டிவிட்டு வந்தவனிடம் இந்தப் பெண் பஜ்ஜி பேசுகிறதே என்று லிங்கதுரைக்கு ஆறவில்லை. பாதி டீயை அப்படியே வைத்துவிட்டார்.

மேலே வந்தார்கள். அறையில் யாரும் இல்லை. போன் ஜன்னல் கட்டையில் வைத்தபடியே கிடந்தது. ஜெபராணி கம்ப்யூட்டரில் அன்றைய லாக்கைத் திறந்து, திரையை அவர் பக்கம் திருப்பினாள்.

ஜெபராணி: இருக்கேன்.

ஜெபராணி: இருக்கேன்.

திரை முழுக்க அதுதான்.

"யாரு அண்ணாச்சி இங்க இருந்தது?"

"யாரும் இல்ல."

"அப்ப யாரு சொன்னது?"

"போன் சொல்லிருக்கு."

"போனுக்கு யாரு சொல்லிக் கொடுத்தது?"

லிங்கதுரைக்கு இது தெரியாததா என்ன? அந்த வரியை எழுதியவரே அவர்தான். தெரிந்துகொண்டேதான் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் உட்கார்ந்து, தான் எழுதியதையே மகள் பேச்சு என்று படித்துக்கொண்டிருந்தார். ஜெபராணி அதை அவர் கண் முன்னால் வைத்ததும் அழுகை வந்துவிட்டது. கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார்.

கண்ணாடியை மறுபடியும் மாட்டிக்கொண்டார்.

"அப்ப அவ அந்தப் பக்கம் இருக்காளா இல்லையான்னு எப்படித்தான் தெரிஞ்சுக்கிறது?"

"சர்வருக்குத் தெரியாது."

"வேற யாருக்குத் தெரியும்?"

"கூப்பிடுறவங்களுக்கு."

"அவ கூப்பிடட்டுமே. அவதானே சின்னவ."

"உங்க நிரல்ல முதல்ல யாரு கூப்பிடணும்?"

"யாரு வேணாலும் கூப்பிடலாம்."

"வயசு கேக்குதா?"

"கேக்கல."

ஜெபராணி போனை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டாள். அடுத்த வகுப்புக்கு ஆட்கள் படியேறி வரும் சத்தம் கேட்டது. அவர் நோட்டை மூடிக்கொண்டு எழுந்தார். அன்றைக்கு அதில் ஒரு வரிகூட எழுதவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. முன்அறையில் செல்வகனி பேசினாள், சிரித்தாள், மூக்கை உறிஞ்சினாள். அப்புறம், "சரி தங்கம், வச்சிருதேன்" என்று சொல்லிப் பக்கத்தை மூடிவிட்டு, கொடியில் கிடந்த துணியை எடுக்க மொட்டைமாடிக்குப் போனாள்.

பின்அறையில் லேப்டாப் திரையில் அபிநயாவின் பெயர் இன்னும் போகாமல் இருந்தது. மூட மறந்திருப்பாள். போனை மேஜையில் போட்டுவிட்டு டியூட்டிக்கே போயிருப்பாள். 'இருக்கேன்' என்று வரி மட்டும் வந்துகொண்டிருந்தது. அந்த வரியை இனி நம்ப அவருக்கு வழியில்லை.

லிங்கதுரை லேப்டாப்பை மூடாமலே எழுந்து முன்அறைக்கு வந்தார். தன் போனில் அந்த லிங்க்கைத் திறந்தார். இரண்டு வருஷத்தில் அதை அவர் தனக்காகத் திறந்தது இதுதான் முதல் தடவை.

பக்கம் பெயர் கேட்டது. அந்தக் கட்டத்தை வரைந்தவரே அவர்தான். ஆனாலும் என்ன போடுவது என்று தெரியாமல் முழித்தார். லிங்கதுரை என்று போட்டால் பிள்ளை எடுக்காமல் போய்விடலாம். அப்பா என்று போட அவருக்கே கூச்சமாக இருந்தது. கடைசியில் ஒன்றும் போடாமல் பொத்தானைத் தொட்டார்.

கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு காதில் குரல் வந்தது.

"என்னம்மா, எதை மறந்த?"

குரல் கொஞ்சம் கனத்திருந்தது. சளி பிடித்திருக்கும் போல. இதைக் கேட்டுவிட்டு உடனே மூடிவிடுவதாகத்தான் டீச்சரிடம் சொல்லியிருந்தார். மூட முடியவில்லை.

"அம்மா இல்ல" என்றார்.

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. லைன் போய்விட்டதா என்று பின்அறைக்கு ஓடிப்போய் லாக்கைப் பார்க்கத் தோன்றியது. அவர் போகவில்லை. போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அப்பா," என்றாள் அபிநயா. "இப்ப நான் உங்ககூடப் பேசலாமா?"