குளம்புக்குள் இருந்த குரல்

குதிரையின் அடிக்குளம்பு பிளவோ பள்ளமோ இல்லாமல் வழுவழுவென்று இருந்த காலம் ஒன்று உண்டு. அப்போது குதிரை பேசும், மரம் பேசும், சேறுகூடப் பேசும். ஆனால் சேற்றோடு மட்டும் யாரும் பேச்சு வைத்துக்கொள்ள மாட்டார்கள்.

கடலோரத்தில் ஓர் உப்பளம் இருந்தது. அதற்கும் ஊருக்கும் நடுவில் பெரிய சதுப்பு. காத்தானும் அவன் மனைவி சடைச்சியும் அந்த அளத்தில் உப்பு வாரிப் பிழைத்தார்கள். மூட்டை சுமக்கச் செவலை என்று ஒரு குதிரை வைத்திருந்தார்கள். ஒரு மழைக்காலத்தில் செவலை வரப்பில் வழுக்கிச் சதுப்புக்குள் விழுந்துவிட்டது. வயிறு வரை புதைந்து அது கதறியதைக் கேட்டுக் காத்தான் உள்ளே இறங்கினான். முட்டுக்கொடுத்துத் தள்ளிக் குதிரையைக் கரையேற்றிவிட்டான். அவன் ஏறவில்லை. சேறு அவன் தலைக்கு மேல் மூடிக்கொண்டது. ஒரு குமிழி மேலே வந்து உடைந்தது, அவ்வளவுதான்.

சடைச்சி முதலில் அழுதாள். பிறகு அழுவதையும் நிறுத்திவிட்டாள், அதுதான் பார்க்கச் சகிக்கவில்லை. உலை வைக்காமல், தலை முடியாமல், சதுப்பையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கிட்டாதாயின் வெட்டென மற என்று சொல்லிவிடலாம். சொன்னவர்கள் யாரும் புருஷனைச் சேற்றுக்குக் கொடுத்துவிட்டு வந்தவர்கள் அல்ல.

செவலைக்குத் தாங்கவில்லை. காக்கைகூடக் கத்தாத ஓர் உச்சி வெயிலில் அது தனியாகச் சதுப்பின் கரைக்குப் போய் நின்றது.

"எனக்காக எறங்குன மனுசனத் திருப்பிக் குடு," என்றது.

காற்றே இல்லை. ஆனாலும் சேறு அசைந்தது.

"ஒடம்பு கரைஞ்சு போச்சு. கொரலு மட்டும் கெடக்கு. வேணுமா?"

"வேணும்."

"அப்பக் கால நீட்டு. ஒங் கொளம்புல எடம் பண்ணி அதுல வைக்கிறேன். ஈரம் காயக் கூடாது. காத்துப் படக் கூடாது. அவ்வளவுதான்."

குதிரை முன்னங்காலை நீட்டியது. நீட்டியிருக்கவே கூடாது. ஆனால் நன்றிக்கு முன்யோசனை ஏது? குளிர்ந்த விரல்கள் போல ஏதோ ஒன்று அடிக்குளம்பைத் தடவியது, நடுவில் பிளந்தது, உள்ளே போய்ச் சுருண்டு படுத்துக்கொண்டது.

வீட்டுக்கு வந்ததும் செவலை சடைச்சியிடம், "ஆத்தா, எங் கால எடுத்துக் காதுல வச்சுப் பாரு," என்றது.

அவள் வேண்டாவெறுப்பாகத்தான் குளம்பைத் தூக்கினாள்.

"ஏ புள்ள, சாப்புட்டியா?" என்றது உள்ளிருந்து ஒரு குரல். உப்புக் காற்றில் கரகரத்துப் போன, காத்தானின் அதே குரல்.

அன்றைக்கு அந்த வீட்டில் உலை கொதித்தது. சடைச்சி தலை வாரிப் பூ வைத்துக்கொண்டாள். சேறு போட்ட நிபந்தனையைச் செவலை சொன்னதும், காற்றுப் படக் கூடாதே என்று தேன்மெழுகை உருக்கிக் குளம்பின் பிளவை இறுக அடைத்தாள். ஈரம் காயக் கூடாதே என்று செவலையை நனைந்த வைக்கோல் மேல் கட்டிப்போட்டாள். வேலை முடிந்த நேரமெல்லாம் குளம்பைக் காதோடு வைத்துக்கொண்டு பேசினாள், சிரித்தாள், சண்டைகூடப் போட்டாள். குதிரை மூன்று காலில் நின்றுகொண்டு பொறுத்திருந்தது.

கொஞ்ச நாளில் நாற்றம் தொடங்கியது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாலும் மறைக்கலாம், அந்த நாற்றத்தை மறைக்க முடியவில்லை.

"என்னடி சடைச்சி, ஒங் கொல்லையில எதுவும் செத்துக் கெடக்கா?" என்று கேட்டாள் பக்கத்து வீட்டுக்காரி.

"ஒண்ணுமில்ல, கருவாடு நனஞ்சு போச்சு," என்று சடைச்சி வாய் கூசாமல் பொய் சொன்னாள்.

மெழுகின் ஓரத்தில் கறுப்பாக நீர் கசிந்தது. செவலை நொண்டியது. ஒரு காலில் தொடங்கிய அழுகல் ஈர வைக்கோல் வழியாக ஏறி மற்றக் குளம்புகளையும் பிளந்துவிட்டது. தொட்டால் உடம்பு முழுவதும் நடுங்கியது. ஆனாலும் அது வாய் திறந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. குரலும் மாறிக்கொண்டே வந்தது. சாப்பிட்டாயா என்று கேட்பது நின்றுபோனது. "ஈரம் பத்தல, இன்னும் தண்ணி ஊத்து," என்பதை மட்டுமே அது திரும்பத் திரும்பச் சொன்னது. இப்போது அது நான்கு குளம்புகளிலிருந்தும் ஒரே நேரத்தில் பேசியது.

ஓர் உச்சிப்பொழுதில் செவலை முழங்கால் மடிந்து விழுந்துவிட்டது. சடைச்சி பதறிப்போய்க் குளம்பருகே குனிந்தாள்.

"மச்சான், செவல எந்திரிக்க மாட்டேங்குது. நான் என்ன செய்யட்டும்?"

குரல் யோசிக்கவே இல்லை.

"செத்தாச் சாவட்டும். குதிரதானே? நீ தண்ணிய ஊத்து."

சடைச்சி காதைச் சட்டென்று விலக்கிக்கொண்டாள். இந்தக் குதிரைக்காகத்தான் அவன் சேற்றில் இறங்கினான். அவன் வாயிலிருந்து இந்தச் சொல் வராது. உள்ளே இருப்பது அவன் இல்லை. அல்லது சேறு அவனைத் தின்று முடித்துவிட்டு மிச்சம் வைத்தது இவ்வளவுதான். எதுவென்று அவளுக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ளவும் பயமாக இருந்தது.

மீன் அரியும் கத்தியை எடுத்தாள். செவலையை முட்டுக்கொடுத்து மெல்ல எழுப்பி, உப்பு காயும் மேட்டுக்கு நடத்திக்கொண்டு போனாள். அங்கே தரை சுட்டது, கடல் காற்று வீசியது. முன்னங்காலைத் தூக்கி மடியில் வைத்து மெழுகைப் பெயர்த்தாள்.

"சடைச்சி, காத்து அடிக்குதுடி," என்றது குரல். இப்போது அது மறுபடியும் அச்சு அசலாகக் காத்தானின் குரல். "குளுருதுடி. மூடுடி. ஒம் மச்சான்டி நான்."

சடைச்சி பதில் சொல்லவில்லை. ஒரு வார்த்தை பேசினாலும் கை நின்றுவிடும் என்று அவளுக்குத் தெரியும். பல்லைக் கடித்துக்கொண்டு அழுகிய சதையை அரிந்து எடுத்தாள். அளத்து உப்புத் தண்ணீரால் கழுவினாள், வேப்பெண்ணெய் ஊற்றினாள், வெயில் படத் திருப்பிப் பிடித்தாள். கண்ணீர் கொட்டியது, கையை மட்டும் நிறுத்தவில்லை. நான்காவது குளம்புக்கு வரும்போது குரல் குழந்தை சிணுங்குவது போலத் தேய்ந்துவிட்டது. கடைசியாக அவள் பேரைச் சொல்லிக் கூப்பிட்டது. கூப்பிட்டது சேறா, புருஷனா? பாவம், அதை அவளிடம் சொல்ல யாரும் இல்லை.

தினமும் கழுவி, தினமும் எண்ணெய் விட்டு, காய்ந்த தரையில் நிறுத்தியதில் செவலை நொண்டாமல் நடந்தது. அரிந்த இடத்தில் முக்கோணமாக மெத்தென்று புதுச்சதை வளர்ந்தது. ஆனால் நடுவில் இருந்த பிளவு மட்டும் மூடவேயில்லை.

அன்றைக்குப் பிறகுதான், ஈரத்தில் நிற்கும் குதிரையின் குளம்பில் சேறு தன் பழைய இடத்தைத் தேடி வந்து நாறத் தொடங்கியது. குதிரை வளர்ப்பவர்களும் அன்றிலிருந்துதான் நாள்தோறும் குளம்பைத் தூக்கி, முதலில் மோந்து பார்த்து, பிளவைத் தோண்டிக் காற்றுப் பட விடுகிறார்கள். அந்த வேலையின்போது அவர்கள் வாய் திறப்பதில்லை. அன்பான குதிரை காலைத் தானாகவே தூக்கிக் கொடுக்கும், ஆனால் இரண்டு காதையும் பின்னால் திருப்பிக்கொள்ளும். தன் காலடியில் இன்னும் யாராவது கூப்பிடுகிறார்களா என்று அது கேட்டுக்கொண்டிருக்கிறது.