மூன்று பேர் வேண்டாமென்ற மான்

பங்குக்கு அடித்துக்கொள்கிறவர்களை நீங்கள் எத்தனையோ பேர் பார்த்திருப்பீர்கள். பங்கு வேண்டவே வேண்டாம் என்று மூன்று பேர் முறுக்கிக்கொண்டு நின்ற கதை இது. காதைக் கொடுத்துக் கேளுங்கள். கடைசியில் உங்களைத்தான் கேட்கப்போகிறேன். அப்போது திருதிருவென்று முழிக்கக் கூடாது.

முகட்டு மலையில் சடையன் என்று ஒரு வேடன் இருந்தான். அவன் மனைவி பொம்மிக்கு அடைமழைக்கு நடுவே ஆண்பிள்ளை பிறந்தது. வீட்டில் காட்டுக்கிழங்கைத் தவிர வேறொன்றும் இல்லை. பச்சை உடம்புக்காரிக்குக் கிழங்கு எந்த மூலைக்கு? பால் சுரக்கவில்லை. பிள்ளை அழுது அழுது ஓய்ந்து, பிறகு அழவும் தெம்பில்லாமல் கிடந்தது.

மழை விட்ட காலையில் சடையன் வசம்பை நறுக்கி, நூலில் கோத்து, பிள்ளையின் மணிக்கட்டில் கட்டினான். "இன்னிக்கு வெறுங்கையோட வரமாட்டேன் பொம்மி" என்று சொல்லிவிட்டு வில்லை எடுத்தான். சொல்லிவிட்டானே தவிர, அவனுக்கே நம்பிக்கை இல்லை. பொம்மியின் தம்பி நஞ்சனும் கூடவே கிளம்பினான். அக்கா வீட்டிலேயே உண்டு உறங்கும் பயல் அவன்.

ஈர மண்ணில் குளம்படி கண்டுபிடித்தது நஞ்சன்தான். ஏறி இறங்கி, முள்ளில் கிழிபட்டு, உச்சிப்பொழுதில் மூங்கில் புதரோரம் ஒரு புள்ளிமானைக் காட்டிக்கொடுத்தான். சடையனின் அம்பு விலாவில் பாய்ந்தது. ஆனால் மான் விழவில்லை, ஓடிவிட்டது. தூறல் வந்து ரத்தச் சுவட்டையும் கழுவிவிட்டது. பள்ளத்தாக்கு இரண்டாகப் பிரியும் இடத்தில் சடையன் திகைத்து நின்றான். போச்சு, எல்லாம் போச்சு என்று இரண்டு பக்கமும் எட்டி எட்டிப் பார்த்தான்.

அப்போது மேலே பாறையில் கொடியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு தேன் எடுத்துக்கொண்டிருந்தாள் மாரை. தனிக்கட்டை, வாய்த்துடுக்குக்காரி. "அடே சடையா! இடப்பக்கம் ஓடுதுடா, ஓடையைத் தாண்டிப் போவுது!" என்று கத்தினாள். கத்தின வேகத்தில் கையிலிருந்த புகைப்பந்தம் நழுவியது. விடுமா தேனீ? முகம் வீங்க, தேனடையை அப்படியே விட்டுவிட்டு இறங்கி வந்தாள். "வாங்கின கொட்டு வீணாகக் கூடாது, மான் கிடைச்சுதான்னு பாக்கணும்" என்று அவளும் பின்னாலேயே நடந்தாள்.

ஓடையில் இடுப்பளவு தண்ணீர். சடையன் கைச்சேற்றை மணல் போட்டுத் தேய்த்துக் கழுவிவிட்டுக் கரையேறினான். அக்கரைச் சரிவில் மான் செத்துக் கிடந்தது. பக்கத்தில் அடுத்த மலைக்காரன் ஒருவன் தடியோடு நின்று, சுற்றிச்சுற்றி வந்த செந்நாய்களை விரட்டிக்கொண்டிருந்தான். தோளில் நாண் ஏற்றிய வில். முழங்கால்வரை சேறு.

"கெம்பன்னு பேரு" என்றான். "காலையிலேர்ந்து நானும் இதுக்குப் பின்னாலதான் வந்தேன். பாத்தா உன் அம்பு இருக்கு. சரி, அம்புக்காரன் வரட்டும்னு நின்னேன்."

அம்பைப் பிடுங்கி எறிந்துவிட்டு மானைத் தூக்கிப் போயிருந்தால் கேட்பார் யார்? சடையன் அவனைக் கும்பிட்டான். வீட்டுக் கதையைச் சொன்னான்.

"பால் வந்துச்சா?" என்று கேட்டான் கெம்பன்.

"இல்லை."

கெம்பன் தடியைக் கீழே போட்டான். "அப்ப நிக்காதே. சீக்கிரம் எடுத்துக்கிட்டுப் போ" என்று மானைப் புரட்டக் குனிந்தான். அவன் அருகே வந்தபோது குப்பென்று வசம்பு வாசம். காலையில் தன் கையில் ஒட்டியது இன்னும் போகவில்லை போல என்று சடையன் நினைத்தான். பிள்ளை நினைவு வந்து கண் கலங்கியது.

ஆனால் எடுத்துக்கொண்டு போய்விட முடியாது. இரண்டு மலைக்கும் பொதுவான ஒரு வழக்கம் உண்டு. மான் கிடைப்பதற்காகத் தன் வாய்க்குப் போவதை யார் அதிகம் விட்டுக்கொடுத்தாரோ, அவர் கைதான் முதல் வெட்டு வெட்ட வேண்டும். பாதி மான் அவருக்கு. ஆள் மாறி வெட்டினால் அந்த வேடனுக்கு மலை மறுபடி ஒன்றும் தராது.

சடையன் கத்தியை நீட்டினான். நஞ்சன் பின்வாங்கினான். "என் அக்கா புள்ளைக்காக நடந்ததுக்கு எனக்குப் பங்கா? போ மாமா!"

மாரை வீங்கிய உதட்டோடு சிரித்தாள். "தேன் எங்கடா போவுது? நாளைக்கும் அந்தப் பாறையிலதான் இருக்கும்."

கெம்பன் கையைக் கட்டிக்கொண்டான். "திருடாம இருந்ததுக்குப் பரிசா? நல்லா இருக்கே கதை!"

பொழுது சாய்கிறது. பொம்மி வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பாள். மூன்று பேருக்கும் காலில் விழுந்து நன்றி சொல்லலாம். கத்தி ஒன்றுதான் இருக்கிறது. இப்போது சொல்லுங்கள்: சடையன் அதை யார் கையில் கொடுக்க வேண்டும்?

*

கெம்பன் கையில். சடையன் கையைத்தான் ஓடையில் தேய்த்துக் கழுவிவிட்டானே. பிறகு வசம்பு வாசம் ஏது? அவனுக்கும் அது அப்போதுதான் உறைத்தது. பச்சைப்பிள்ளை உள்ள வீட்டிலிருந்து வந்தவனுக்குத்தான் அந்த வாசம் இருக்கும். அவனுக்குத்தான் பாலைப் பற்றிக் கேட்கத் தோன்றும். நஞ்சனுக்கு அக்கா வீட்டு உலையில் பங்கு உண்டு. மாரையின் தேன் பாறையிலேயே இருக்கிறது. கெம்பன் விட்டுக்கொடுத்தது அவன் வீட்டு அன்றைய உலை.

சடையன் அவன் விரல்களை மடக்கிக் கத்தியைத் திணித்தான். "உன் வீட்டுல என்ன புள்ளை?"

கெம்பன் தன் மலைப் பக்கம் பார்த்தான். "பொண்ணு."

"வாயைத் திறந்து சொல்றதுக்கென்ன அண்ணே?"

"சொன்னா குடுத்திருப்பே. உன் புள்ளை என்ன பண்ணும்?"

சடையன் அவனைக் கட்டிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதான். பிறகு கெம்பன் முதல் வெட்டு வெட்டினான். பாதி மான் இந்த மலைக்கு ஏறியது, பாதி அந்த மலைக்கு.