வாயில் நண்டோடு நின்ற மீன்கொத்தி

போன ஈஸ்டர் லீவுக்கு அந்தமான் போய்வந்த என் மூத்த மகள் பியூலா, ஊர் திரும்பிய அன்றே அடுப்படியில் நின்றுகொண்டு எனக்கு இதைச் சொன்னாள்.

அங்கே சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்குப் பறவை காட்டும் வேலை கஸ்தூரிக்கு. அவளிடம் அதைப் பழகுகிறவர் சித்திரவேல். முன்பு படகு ஓட்டியவர், அவளைவிட மூத்தவர். அவள் அவரை அண்ணே என்பாள். அவர் அவளை டீச்சரம்மா என்பார்.

அன்று காலை அவர் கேட்டாராம்.

"என்னை எப்போ தனியா அனுப்புவீங்க, டீச்சரம்மா?"

"இவங்க செம்மீன்கொத்தியைப் பார்க்கத்தான் இவ்வளவு தூரம் வந்திருக்காங்க. இன்னைக்கு நீங்க முன்னால போய்க் காட்டுங்கண்ணே. அப்புறம் பேசுவோம்."

அவசரமில்லாத நடை. பியூலா செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு சேற்றில் நடந்தாளாம்.

ஓடை திரும்பும் இடத்தில் சித்திரவேல் கையைத் தூக்கினார். எல்லாரும் நின்றார்கள். அவர் இலையை விலக்கிப் பார்த்தார். கஸ்தூரியும் அவர் தோளுக்குப் பின்னால் இருந்து எட்டிப் பார்த்தாள்.

கொம்பில் செம்மீன்கொத்தி இருந்தது, உடம்பெல்லாம் செம்பழுப்பு. வாயில் ஒரு சின்ன நண்டு. கீழே மரப்பொந்துக்குள் குஞ்சுகளின் சத்தம். பறவை பொந்தைப் பார்த்தது. இவர்களைப் பார்த்தது. இறங்கவில்லை.

சித்திரவேல் இலையை விட்டுவிட்டார்.

"திரும்பிடலாம். டீ குடிப்போம்."

என் மருமகன் தவசிங்குக்குப் பொறுக்கவில்லை. "பறவை இருக்கா, இல்லையா?"

"இருக்கு சார்."

"இருந்தா காட்டுங்க!"

"வாயில இரை வச்சிருக்கு. நாம நிக்கிற வரைக்கும் பொந்துக்குள்ள போகாது சார்."

"ஒரே ஒரு போட்டோ!"

"குஞ்சு பசியில கத்துது சார்."

கஸ்தூரி முதல் ஆளாகத் திரும்பி நடந்தாள்.

டீக்கடையில் தவசிங் சொன்னார், "பறவை பார்க்க வந்தவங்களுக்கு மனுஷன் வடையைக் காட்டுறாரு."

எல்லாரும் சிரித்தார்கள். சித்திரவேல் கிளாசைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"இன்னைக்குக் கோட்டை விட்டுட்டேன். இன்னொரு நாள் வாய்ப்புக் கொடுப்பீங்களா, டீச்சரம்மா?"

அவள் தவசிங் பக்கம் திரும்பினாள்.

"நாளைக்கும் வர்றீங்களா சார்?"

"நாளைக்காவது நீங்க காட்டுவீங்களா?"

"நான் வரமாட்டேன். அண்ணன் தனியாத்தான் வருவாரு."

"இவரா? இவர் எதைக் காட்டுவாரு?"

கஸ்தூரி நிமிர்ந்து உட்கார்ந்தாளாம். தன் பிள்ளை மேடையில் பரிசு வாங்குவதைப் பார்க்கிற தாய் மாதிரி இருந்தது முகம் என்றாள் பியூலா.

"நாளைக்கு அது கண்ணில படுமான்னு எனக்குத் தெரியாது சார். இவர் கையில விட்டா, அடுத்த வருஷம் நீங்க வரும்போதும் அது இங்கேதான் இருக்கும்."

சித்திரவேல் ஆறிப்போன டீயை ஒரே மடக்கில் குடித்தாராம்.

அவர் பெயரை நான் என் ஜெபத்தில் சேர்த்துக்கொண்டேன். நீங்கள் அந்தப் பக்கம் போனால், பியூலாவின் அம்மா விசாரித்ததாக அவரிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.