குளத்துக்கு வராதவர்கள்

கோடை வந்தால் பாறைகள்கூட வெடித்துவிடும் ஒரு காட்டில், தண்ணீரைப் பங்கிடும் உரிமை சிங்கராஜாவிடம் இருந்தது. ஆண்டுதோறும் மாசி மாதம் சபை கூடும். எந்த நீர் யாருக்கு என்று ராஜா ஒதுக்குவார்.

அந்த ஆண்டு மந்திரி நரி எழுந்தது. "புதர்களுக்குள் ஏழு ஊற்றுகள் வீணாகக் கசிகின்றன, ராஜா. எல்லாவற்றையும் திருப்பிவிட்டு ஒரே பெரிய குளமாக்கிவிடலாம்!"

யானையும் காட்டெருமையும் வேகமாகத் தலையாட்டின. நெடுநாளாக அவை கேட்டுவந்த குளம் அது.

கடைசி வரிசையில் ஒரு சருகுமான் நின்றது. முயலளவுதான் இருக்கும். ஆனால் மனத்தில் பட்டதைக் கேட்காமல் விடாது.

"அந்த ஊற்றுகளில்தான் சின்னப் பிராணிகள் நாங்கள் குடிக்கிறோம். குளத்தில் எல்லாருக்கும் சமமாகக் கிடைக்குமா என்று முதலில் பார்க்க வேண்டாமா?"

சிங்கம் உறுமியது. நரி மட்டும் சிரித்தது.

"நல்ல கேள்வி! பார்க்கத்தான் வேண்டும். குளம் வெட்டி முடிந்ததும் நீயே பார்த்துச் சொல். இன்று முதல் நீதான் சமநீதி அதிகாரி!"

சருகுமானுக்குத் தலைகால் புரியவில்லை. அதுவரை அந்தச் சபையில் அதன் பேச்சை யாரும் காதில் போட்டுக்கொண்டதில்லை. புதரில் இருந்த தங்கையிடம் ஓடிச் சொன்னது. தங்கை அப்போதுதான் குட்டி ஈன்றிருந்தது.

"சீக்கிரம் வந்துவிடு, அக்கா" என்றது தங்கை.

குளம் வெட்டினார்கள். ஊற்றுகள் வற்றின. குளத்தின் கரை சுவர்போலச் செங்குத்தாக இருந்தது. நரி சருகுமானைக் கரையோர மருத மர நிழலில் உட்கார வைத்தது.

"நீ எங்கும் அலைய வேண்டாம். குடித்துவிட்டுப் போகிறவர்களைக் கேள், போதும்."

தாகம் எடுத்தபோதெல்லாம் நரியே தேக்கிலையில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தது.

"யானையாரே, தண்ணீர் போதுமா?"

"வயிறு நிறையக் குடித்தேன்!"

"காட்டெருமை அண்ணா, உங்களுக்கு?"

"குளிக்கவும் கிடைத்தது, தங்கச்சி!"

புதருக்குக்கூடப் போகாமல் பத்து நாள் கேட்டது. ஒருவர்கூடக் குறை சொல்லவில்லை. 'முயலைக் காணோமே' என்று ஒருமுறை தோன்றியது. நரியிடம் கேட்டது.

"தாகம் இருந்தால் வரமாட்டார்களா?" என்றது நரி.

சரிதானே என்று சருகுமானும் விட்டுவிட்டது.

"நான் கேட்ட அனைவருக்கும் தண்ணீர் போதுமாம், ராஜா" என்று சபையில் அறிவித்தது. சபை ஆரவாரித்தது. ராஜா அந்த ஒதுக்கீட்டை உறுதிசெய்தார்.

பெருமையோடு புதருக்குத் திரும்பியது சருகுமான். வற்றிய ஊற்றுக் குழியில் மூக்கைப் புதைத்தபடி குட்டி செத்துக் கிடந்தது. அருகே தங்கை குற்றுயிராய்க் கிடந்தது.

"ஐயோ, குளத்துக்கு வந்திருக்கலாமே!"

"மூன்று முறை வந்தேன், அக்கா. கரையில் இறங்க முடியவில்லை. எதிர்க்கரையிலிருந்து உன்னைக் கூப்பிட்டேன். நீ யானையிடம் பேசிக்கொண்டிருந்தாய்."

சருகுமான் அலறிக்கொண்டு சபைக்கு ஓடியது. "நான் சொன்னது தப்பு! ஓர் ஊற்றையாவது திறந்துவிடுங்கள்!"

"இந்த ஆண்டு ஒதுக்கீடு முடிந்துவிட்டது" என்றது நரி. "அதுவும் உன் வாக்கை நம்பித்தான்."

சபை கலைந்தது. சருகுமான் புதருக்குத் திரும்பியபோது தங்கையும் கண் மூடியிருந்தது.

நீதி: பங்கு கிடைத்தவர்களை மட்டும் கேட்டால் எந்தப் பங்கீடும் நியாயமாகத்தான் தெரியும்.