தகைவிலான் குருவி வளைவுக்குக் குடிவந்த கதை

இதை எனக்கு முதலில் சொன்னவர் மடத்துச் சிஸ்டர் லூர்து ரோசலி. வேளாங்கண்ணிக்குப் போகிற வழியில் பஸ் பஞ்சராகி நின்ற ஒரு மத்தியானம், மரநிழலில் உட்கார்ந்து சொன்னார். என் மூத்தவள் அப்போது கைப்பிள்ளை.

அந்தக் காலத்தில், பறவை பேசுவது மனிதருக்கும் மனிதர் பேசுவது பறவைக்கும் புரிந்த நாளில், உரோமாபுரியில் குடிக்க நல்ல தண்ணீர் இல்லை. ஆறு உண்டு. ஊர் அழுக்கெல்லாம் அதில்தான். அதைக் குடித்த பிள்ளைகள் வயிற்றுப்போக்கில் வாடின. கொத்தனார் விபியுவின் சின்ன மகனும் அப்படித்தான் துவண்டு கிடந்தான்.

தூரத்து மலையில் நல்ல ஊற்று ஒன்று இருந்தது. நடுவில் பெரிய பள்ளம். விபியு மலைப்பாறையை வெட்டி வண்டியில் ஏற்றிவந்தார். பள்ளத்துக்குக் குறுக்கே மரச்சாரம் கட்டி, அதன்மேல் கல்லோடு கல் சாய்த்து வளைவு எழுப்பினார். அதன் முதுகில் தண்ணீர் நடந்து வரவேண்டும்.

வளைவு முடிந்தது. சாரத்தைப் பிரிக்க வேண்டியதுதான் பாக்கி. பிரிக்கும்போது கட்டியவரே அடியில் நிற்க வேண்டும் என்பது அந்த ஊர் வழக்கம். விழுந்தால் முதலில் அவர் தலையில் விழும். விபியு நாளைக்கு நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே போனார். மேகம் கூடி வந்தது. மழையில் சாரம் ஊறிச் சரிந்தால் வளைவையும் இழுத்துக்கொண்டு போகும்.

"மேஸ்திரிக்கு இன்னிக்கும் வயித்துவலியா?" என்று ஆட்கள் சிரித்தார்கள்.

ஒருவன் காதோரம் வந்தான். "ஒரு அடிமையை நிறுத்திடலாமே. யாரு கேக்கப்போறா?"

விபியு வேண்டாம் என்று சொல்லவில்லை. சாரத்தில் ஏறினார். பலகைக்கும் கல்லுக்கும் நடுவே இருந்த இடுக்கில், கல்லோடு ஒட்டி ஒரு மண்கூடு. உள்ளே குஞ்சுகள். தாய்க்குருவி தலையை நீட்டியது.

"போயிடு தாயி, சாரம் பிரிக்கப்போறோம்," என்றார்.

"எங்க போக? மலைப்பாறையிலதான் எங்க குலமே கூடு கட்டும். அந்தப் பாறையை வெட்டினது நீதானே? உன் வண்டி பின்னாலயே வந்தேன். இது நான் பொறந்த கல்லு."

விபியு அந்தக் கல்லைத் தடவிப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார். "வளைவு விழுந்துட்டா?"

"கட்டினவன் நீ. நீ சொல்லு, விழுமா?"

ஒவ்வொரு கல்லையும் மனதில் தொட்டுப் பார்த்தார். "விழாது," என்றார்.

"அப்ப நீ கீழ நில்லு. நான் மேல இருக்கேன். ரெண்டு பேருக்கும் ஒரே கூரை."

வீட்டில் மனைவி லுக்கிலாவிடம் எல்லாவற்றையும் சொன்னார், அந்த அடிமைப் பேச்சையும் சேர்த்து. அவள் மகனை மடியில் போட்டு விசிறிக்கொண்டிருந்தாள்.

"பிள்ளைக்கு நல்ல தண்ணி வேணுந்தாங்க. இன்னொருத்தி பிள்ளை தலைமேல ஏறி வர்ற தண்ணி வேண்டாம்," என்றாள்.

மறுநாள் காலை விபியு வளைவுக்கு அடியில் போய் நின்றார். கண்ணை மூடி, "பார்த்துக்கோ," என்று கடவுளிடம் ஒரே ஒரு வார்த்தை சொன்னார். சம்மட்டி விழுந்தது. மரங்கள் ஒவ்வொன்றாகச் சரிந்தன. வளைவு முனகி, ஒரு நூல் அளவு இறங்கி, கல்லைக் கல் இறுகப் பிடித்துக்கொண்டது. தலையில் புழுதி கொட்டியது. அப்புறம் சத்தமே இல்லை.

அந்த அமைதியில் குஞ்சுகள் பசிக்குக் கத்தின. தாய்க்குருவி ஒன்றும் நடக்காததுபோல இரை தேடப் பறந்தது. விபியு அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதார்.

மலைத்தண்ணீர் ஊருக்குள் வந்தது. பிள்ளை தேறி எழுந்து ஓடினான். விபியு கொத்தனார்களையெல்லாம் கூட்டிச் சொன்னார்: "இந்தக் குருவிங்க வீட்டை உடைச்சுத்தான் நாம கட்டுறோம். நாம கட்டுற எதுக்கும் மேல்பக்கம் நமக்கு, அடிப்பக்கம் அவங்களுக்கு. கூட்டுல யாரும் கை வைக்காதீங்க."

அன்றைக்குத் தொடங்கித்தான் தகைவிலான்கள் மலையை விட்டு இறங்கி, மனிதர் கட்டிய வளைவுக்கும் பாலத்துக்கும் அடியில் மண் உருட்டி ஒட்டிக் குடியிருக்கின்றன. உரோமாபுரி ராஜாங்கம் போய்விட்டது. அந்த வளைவு கட்டும் வித்தை நம்மூர் ரயில்பாலம் வரைக்கும் வந்திருக்கிறது, குருவியும் கூடவே வந்திருக்கிறது.

உங்கள் வீட்டு சன்ஷேடுக்கு அடியில் அது மண் ஒட்டினால், தரை அழுக்காகிறது என்று துடைப்பத்தால் தட்டிவிடாதீர்கள். குஞ்சு பறக்கிறவரைக்கும் கீழே ஒரு பழைய பேப்பரை விரித்துவையுங்கள், போதும்.